ஆடி மங்கினால்

கடந்த ஆண்டு ஊருக்கு வந்தபோது எமது கல்லூரியின் பௌதிகவியல் ஆய்வுகூடத்தை எட்டிப் பார்த்தேன். பழைய மாணவிகள் சிலர் முன்னர் அன்பளிப்புச் செய்த தெறிப்புத் தொலைகாட்டி ஒரு மூலையில் துணியால் மூடியபடி நின்றது. குழாயும் தாங்கியும் நல்ல நிலையில் இருந்தன. அடியிலுள்ள குழிவாடி மட்டும் மங்கிப்போயிருந்தது. உப்புக் காற்று ஒரு காரணம். யாரோ நல்ல மனத்தோடு அழுத்தித் துடைத்ததால் விழுந்த கீறல்கள் இன்னொரு காரணம். "இது பழுது, நூற்றாண்டுக்குப் புதிதாக ஒன்று வாங்குவோம்" என்ற பேச்சும் காதில் விழுந்தது. அதுதான் என்னை இதை எழுத வைத்தது.

தெறிப்புத் தொலைகாட்டி தோன்றிய நாள் முதலே ஆடி மங்குவது ஒரு தொல்லையாக இருந்திருக்கிறது. 1668 இல் நியூற்றன் செய்த தொலைகாட்டியின் ஆடி கண்ணாடியல்ல. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். அது ஈரக்காற்றில் கறுக்கும். மீண்டும் மினுக்கினால் வளைவு பிசகும். ஆகவே வில்லியம் ஹேர்ஷல் 1789 இல் இங்கிலாந்தில் முடித்த 40 அடித் தொலைகாட்டிக்கு 48 அங்குல ஆடிகள் இரண்டைச் செய்து வைத்தார். ஒன்றை மினுக்கும்போது மற்றையது குழாயில் இருக்கும்.

அவருடைய தங்கை கரோலினை எம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். முன்னொருமுறை அண்ணன் 16 மணி நேரம் கையெடுக்காமல் ஓர் ஆடியை மினுக்கியபோது, அவருக்கு உணவை வாயில் ஊட்டியவர் அவர். பின்னர் தாமே வானத்தைத் தேடி எட்டு வால்வெள்ளிகளைக் கண்டார். 1787 முதல் அரசரிடம் ஆண்டுக்கு 50 பவுண் சம்பளமும் பெற்றார்.

1850களில் ஜேர்மனியில் ஸ்ரைன்ஹைலும் பிரான்சில் ஃபூக்கோவும் கண்ணாடியில் மெல்லிய வெள்ளிப் பூச்சு இட்டு ஆடி செய்தார்கள். இதனால் பெரிய மாற்றம் வந்தது. பூச்சு கறுத்தால் அமிலத்தால் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசலாம். கண்ணாடியின் வளைவுக்கு ஒன்றும் ஆகாது.

இதை நான் 1994 இல் எங்கள் ஆய்வுகூடத்தில் கண்ணால் கண்டேன். மின்சாரம் இல்லாத காலம். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. இரசாயனப் பொருள்களுக்கும் தட்டுப்பாடு. இருந்த சிறிதளவு வெள்ளி நைத்திரேற்றில் ரீச்சர் வெள்ளியாடிச் சோதனையை ஒரே ஒரு சோதனைக் குழாயில் செய்து காட்டினார். குழாயின் உட்புறம் பளபளத்ததும் நாங்கள் முண்டியடித்து முகம் பார்த்தோம். ரசம் போன பழைய குழிவாடி ஒன்றைக் காட்டி, "கண்ணாடிக்கு ஒண்டும் இல்லைப் பிள்ளையள், பூச்சுத்தான் போச்சு" என்றார். அடுத்த ஆண்டு இடப்பெயர்வு. திரும்பி வந்தபோது அந்த ஆடி அங்கே இல்லை.

வெள்ளியும் விரைவில் கறுப்பதால் 1930களில் அமெரிக்காவில் ஜோன் ஸ்ரோங் வெற்றிட அறையில் அலுமினியம் பூசும் முறையைக் கொண்டுவந்தார். 1935 இல் வில்சன் மலையின் 100 அங்குல ஆடிக்கும் அலுமினியம் பூசப்பட்டது. எமக்கு அக்கரையில், தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீற்றர் ஆடி பெங்களூரில் தேய்த்து உருவாக்கப்பட்டது. அந்தத் தொலைகாட்டிக்காக உழைத்த வைணு பாப்பு, அது முடியுமுன் 1982 இல் காலமானார். 1986 இல் அதற்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெரிய ஆடிக்கு மீள்பூச்சு இடுவதற்கான வெற்றிட அறையும் அங்கேயே உண்டு. பராமரிப்பையும் சேர்த்தே திட்டமிட்டிருக்கிறார்கள்.

ஆடியையே மாற்றிய இடமும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் 1.8 மீற்றர் ஆடிகள் ஆறு கொண்ட தொலைகாட்டி 1979 முதல் இயங்கியது. 2000 ஆம் ஆண்டளவில் அவற்றை அகற்றி, அதே கட்டடத்தில் 6.5 மீற்றர் ஆடி ஒன்றைப் பொருத்தினார்கள். சேரும் ஒளி இரு மடங்குக்கு மேலாயிற்று.

கண்புரைக்கு நாங்கள் வில்லையை மட்டுமே மாற்றுகிறோம்; கண்ணை எடுத்தெறிவதில்லை. எமது தொலைகாட்டிக்கும் அதுவே போதும். ஆடியைக் கழற்றி அனுப்பினால் அலுமினியம் பூசித் தரும் பட்டறைகள் வெளிநாடுகளில் உண்டு. முடியாவிட்டால் அதே விட்டமும் அதே குவியத்தூரமும் கொண்ட புதிய ஆடியை வாங்கலாம். குவியத்தூரம் மாறினால் விம்பம் பார்வைவில்லையில் சரியாக விழாது. பொருத்திய பின் ஆடிகளை நேர்ப்படுத்தும் வேலையை உயர்தர மாணவிகளே பழகிச் செய்யட்டும்.

அக்காமாரே, தங்கைமாரே, நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கை ஆய்வுகூடப் பராமரிப்புக்கென ஒதுக்குங்கள். அன்பளிப்புப் பலகையில் பெயர் பொறிக்க வாய்ப்பில்லாத செலவு இது. ஆனாலும் அடுத்த முறை நான் வரும்போது, அந்தத் துணியை விலக்கி ஒரு பிள்ளை எனக்குச் சனியின் வளையத்தைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.