மைனர்!

சேதுபதிகளின் சீமையிலே, கடல் வாணிகத்தால் பேர்பெற்ற துறை கீழக்கரை. வள்ளல் சீதக்காதியின் ஊர். அப்பகுதியில் மட்டுமன்றித் தமிழகமெங்கும், ஆடை அலங்காரமே வாழ்வெனத் திரிந்த இளைஞனுக்கு இரு பெயர்கள் வழங்கின. ஒன்று, ‘ஷோக்குப் பேர்வழி’. வேட்கை என்னும் பொருளுடைய அரபுச் சொல், உருது வழியே நம்மிடம் ‘ஷோக்கு’ ஆயிற்று. மற்றொன்று, ‘மைனர்’. அது வந்த வழி வேறு. அது கச்சேரியில் பிறந்த சொல்!

சட்டத்தில் மைனர் என்றால் உரிய வயது அடையாதவன். ஜமீன்தார் இறந்து, வாரிசு சிறுவனாயிருந்தால், ‘கோர்ட் ஆப் வார்ட்ஸ்’ என்னும் அரசு அமைப்பு ஜமீனை நடத்தும். சென்னை மாகாணத்தில் 1804-ல் இதற்கென விதி பிறந்தது. 1875-ஆம் ஆண்டுச் சட்டம் மற்றவர்க்கு 18 வயதே போதுமென்றது; இத்தகைய வாரிசுக்கோ 21 ஆகவேண்டும் என்றது. 1873-ல் இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதி மறைந்தபோது, மைந்தர் பாஸ்கர சேதுபதி சிறு குழந்தை. ஜமீன் அவர் கைக்கு வந்தது 1889-ல்!

அவரைக் குறை கூறுவதன்று நம் நோக்கம். மீசை முளைத்த பின்னும் ‘மைனர்’ என்றே ஏட்டில் இருந்த செல்வர் வீட்டுப் பிள்ளைகளைக் கண்ட மக்கள், அச்சொல்லுக்குப் புதுப்பொருள் தந்தனர். உழைக்காமல் உண்பவன், ஜிப்பா அணிபவன், சங்கிலி மின்ன உலவுபவன் மைனர் ஆனான். ஏச்சுத்தான், எனினும் அதிலே ஏக்கமும் கலந்திருந்தது! ‘மைனர் சங்கிலி’ என்று நகைக்கே பெயர் சூட்டியதல்லவா நாடு?

அதே இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் நடந்ததென்ன? ஆதிதிராவிடர்க்கு ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தனர். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது. சட்டை, பனியன் ஆகாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டலாகாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் பூச்சூடலாகாது, மார்பையும் மறைக்கலாகாது! 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் தம் நூலில் இவற்றைப் பதிந்துவைத்தார். மீறியோரின் குடிசைகள் எரிந்தன.

எண்ணிப் பாருங்கள்! ஒருவன் தலையிலே கிராப்பு, ஒய்யாரம். மற்றொருவன் தலையிலே குற்றம்! ஒருவன் கழுத்திலே சங்கிலி, சிங்காரம். மற்றொருவன் கழுத்திலே கலகம்! குற்றம் துணியிலா? அணிந்தவன் பிறப்பிலா?

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. மைனர்கள் மறைந்தனர், சொல்லும் மங்கிற்று. ஆயினும், உழைத்த காசில் வண்ணச் சட்டை வாங்கி அணியும் ஏழை இளைஞனைக் கண்டு “இவனுக்கு எதற்கு இந்த ஷோக்கு?” என்று முகம் சுளிக்கும் நாக்கு இன்னும் மறையவில்லை. வீண் ஆடம்பரத்தை நாம் கடிவோம். இளைஞர்க்கு எளிமையும் உரைப்போம். ஆனால், எளிமை என்பது தானே விரும்பி ஏற்பது. பிறர் சுமத்தினால், அதற்குப் பெயர் எளிமையன்று, அடிமைத்தனம்!