வகுப்பறையில் டிஜிட்டல் விளையாட்டு: பிலிமத்தலாவைச் சூழலை முன்வைத்து

கற்றலுக்கான டிஜிட்டல் விளையாட்டு என்பது விதி, இலக்கு, உடனடிப் பின்னூட்டல் ஆகிய மூன்றையும் கொண்டு, பாடத்தேர்ச்சி ஒன்றை அடைய மாணவருக்குத் துணைநிற்கும் மென்பொருளாகும். இதன் வரலாறு அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1971 இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மூவர், எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காக ‘ஒரேகன் டிரெயில்’ விளையாட்டை ஆக்கினர். அன்று வகுப்புக்குக் கிடைத்தது ஒரேயொரு தொலைத்தட்டச்சுப் பொறி. மாணவர் குழுக்களாகக் கூடி, அடுத்து என்ன செய்வது என்று விவாதித்தே ஆடினர்.

கொழும்பு–கண்டி வீதியில் கடுகண்ணாவைக்கும் பேராதனைக்கும் இடையே உள்ள பிலிமத்தலாவைக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் இத்தொடக்கம் பொருத்தமான பாடமாகும். இப்பகுதிப் பாடசாலைகளில் டிஜிட்டல் விளையாட்டின் பயனை முடிவு செய்பவை இரண்டு: ஆட்டத்தின் செயலே பாடக்கருத்தாக அமைந்திருப்பதும், ஆட்டத்தின் பின் ஆசிரியர் விளக்கம் தொடர்வதும். கணினிகளின் எண்ணிக்கை இவற்றுக்கு அடுத்தபடியானதே.

ஆட்டமும் பாடமும்

விளையாட்டுக்குள் பாடம் எங்கே இருக்கிறது என்பது முதற் கேள்வி. பல மென்பொருள்களில் ஓட்டமும் தாவலும் ஒருபுறம் நடக்க, இடையிடையே கணக்கு ஒன்று குறுக்கிடும். மாணவருக்கு அக்கணக்கு விரைவில் கடந்துபோக வேண்டிய தடை மட்டுமே. பல்லாங்குழியில் முத்துகளை எண்ணிப் பகிர்வதே ஆட்டம். எண்ணாமல் ஆட முடியாது. நல்ல கல்வி விளையாட்டும் அவ்வாறே அமைய வேண்டும்.

ஹாப்குட், எய்ன்ஸ்வர்த் ஆகியோர் 2011 இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. அவர்களின் வகுத்தல் விளையாட்டில் எதிரிகளின் மார்பில் எண்கள் இருக்கும். அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் ஆயுதத்தைத் தெரிவுசெய்தால்தான் வெல்லலாம். மற்றொரு வடிவத்தில் சண்டை தனியாகவும் கணக்கு வினாக்கள் ஒவ்வொரு கட்டத்தின் இறுதியிலும் வைக்கப்பட்டன. ஒரே அளவு நேரம் ஆடியவர்களுள் முதல் வடிவத்தை ஆடியோரே கூடுதலாகக் கற்றனர்.

விளையாட்டு ஊக்கம் தரும், ஊக்கம் கற்றலைத் தரும் என்ற பொதுவான எண்ணமும் மறுபரிசீலனைக்குரியது. வௌட்டர்ஸ் குழுவினர் 2013 இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, வழமையான கற்பித்தலைவிட விளையாட்டு கற்றலையும் நினைவில் நிற்றலையும் மேம்படுத்துவது தெரிந்தது. ஊக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வேறு கற்பித்தலோடு சேரும்போதும், பல தடவைகள் ஆடும்போதும், குழுவாக ஆடும்போதும் பயன் கூடியது. ஆகவே விளையாட்டைப் பாடம் முடிந்தபின் தரும் பரிசாக வைப்பது அதன் வலிமையை வீணாக்குவதாகும்.

பாடத்திட்டத்தில் அதன் இடம்

இலங்கைக் கல்வியில் விளையாட்டுக்கு ஏற்கனவே இடமுண்டு. 1997 சீர்திருத்தத்தின் வழிவந்த ஆரம்பக் கல்விப் பாடத்திட்டம் வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை ஆகிய மூன்றையும் கற்றல் முறைகளாகக் கொண்டது. முதலிரு தரங்களில் விளையாட்டு மேலோங்கி, தரம் 5 இல் மேசை வேலை மேலோங்கியது. 2007 இல் தரம் 6, 10 இல் தொடங்கிய சீர்திருத்தம் ஈடுபடல், ஆராய்தல், விளக்கல், விரிவுபடுத்தல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளை முன்வைத்தது. டிஜிட்டல் விளையாட்டு ஆராய்தல் படிக்கு உரியது. அதை விளக்கல் படிக்குப் பதிலாக வைக்கும்போதுதான் வகுப்பு ஆரவாரத்தோடு முடிந்து, கொப்பியில் ஒன்றும் எஞ்சாமற் போகிறது.

பின்னப் பாடம்: ஓர் எடுத்துக்காட்டு

கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வைமன் 2002 இல் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தில் பின்னங்களைக் கட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. இதைத் தரவிறக்கி இணையமின்றியும் இயக்கலாம். இலக்கு 3/4 எனில், வட்டத் துண்டுகளைச் சேர்த்து அதைக் கட்ட வேண்டும். 1/2 உடன் 1/3 ஐச் சேர்க்கும் மாணவர், வட்டம் இலக்கைத் தாண்டி நிரம்புவதைக் கண்ணால் காண்கிறார். விடைப்பெட்டியும் அதை ஏற்பதில்லை. ஒரு குழு 1/2, 1/4 என்றும் இன்னொரு குழு 1/2, 1/8, 1/8 என்றும் கட்டக்கூடும்.

இங்கேதான் ஆசிரியரின் பணி தொடங்குகிறது. இரு விடைகளையும் கரும்பலகையில் எழுதி, இரண்டும் எப்படிச் சமமாயின என்று கேட்க வேண்டும். 40 நிமிடப் பாடவேளையில் ஆட்டத்துக்கு 15 நிமிடம் போதும். எஞ்சிய நேரம் பேச்சுக்கும் எழுத்துக்கும் உரியது. நால்வருக்கு ஒரு கணினி என்றால், ஒருவர் சுட்டியைப் பிடிக்க மற்றவர் காரணம் சொல்ல வேண்டும் என்ற விதி கலந்துரையாடலைக் கட்டாயமாக்கும்.

தடைகள்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் கைப்பேசியே பலருக்கு வகுப்பறையானது. இலங்கையில் ஏறத்தாழ ஐந்து வீடுகளுக்கு ஒன்றிலேயே கணினி உள்ளது. தோட்டப்புறங்களில் நிலை இன்னும் மோசம். விளையாட்டை வீட்டு வேலையாகக் கொடுத்தால் லயன் அறைப் பிள்ளை மேலும் பின்தள்ளப்படும். எனவே அது வகுப்புக்குள், பாடசாலைக் கணினியில் நடப்பதே நீதி.

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது விளையாட்டு நேரவிரயம் என்று பெற்றோர் கருதுவது இயல்பு. சமவலுப் பின்னங்களை ஒருமுறை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு மீள்பயிற்சிச் சுமை குறையும் என்பதே அவர்களுக்கான பதில். மொழித் தடை இதைவிடப் பெரிது: பெரும்பாலான விளையாட்டுகள் ஆங்கிலத்தில் இருப்பதால், கணிதம் தெரிந்த பிள்ளையும் கட்டளை புரியாமல் தோற்கிறது. சொல் குறைந்த விளையாட்டைத் தெரிவுசெய்வது உடனடித் தீர்வு. உள்ளூரில் ஆக்குவதே நிலையான தீர்வு.

அதற்கான மூலப்பொருள் பிலிமத்தலாவைக்கு அருகிலேயே உண்டு. 14 ஆம் நூற்றாண்டின் கடலாதெனிய விகாரை கருங்கல்லாலும், அதே காலத்து லங்காதிலக விகாரை பெரும்பாலும் செங்கல்லாலும் எழுந்தவை. கடலாதெனியவின் சிற்பி கணேசுவராச்சாரி. லங்காதிலகப் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. எந்தக் கல், எந்தச் சிற்பி, யார் தரும் மானியம், எந்த மொழியில் சாசனம் என்று முடிவெடுத்துக் கோயில் எழுப்பும் விளையாட்டை, ‘ஸ்கிராச்’ போன்ற இலவசக் கருவியில் இருமொழி மாணவரும் சேர்ந்து ஆக்கலாம். வரலாறு அவர்களுக்கு மனனப் பாடமாக இராது. முடிவுகளின் விளைவாகத் தெரியும்.

மதிப்பீடு

விளையாட்டில் பெற்ற புள்ளி கற்றலின் அளவுகோலாகாது. திரையில் 3/4 ஐக் கட்டியவர், ஓரிரு வாரம் கழித்துத் தாளில் 5/6 ஐ வேறு இரு பின்னங்களாகப் பிரித்துக் காட்ட வேண்டும். அது முடிந்தால் அந்த விளையாட்டு வகுப்பில் தொடரட்டும். முடியாவிடில், ஆட்டத்தை மாற்றுவதற்கு முன் அதன்பின் நடந்த விளக்கத்தை ஆசிரியர் திருத்தியமைக்க வேண்டும்.