பொல்லடியும் இயந்திர ஆடலும்

அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் வரலாறு பழமை வாய்ந்தது. 1626ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஒரு பகுதியினரை அன்றைய மட்டக்களப்புப் பிரதேசத்திற் குடியேற்றினான். ஏற்கனவே அங்கு வாழ்ந்த முஸ்லிம்களுடன் அவர்களும் கலந்தனர். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய இவ்வூர்களில் உழவும் மீன்பிடியும் நெசவும் போலவே நாட்டார் கலைகளும் வளர்ந்தன. அவற்றுள் ஒன்று பொல்லடி.

பொல்லடியில் இரட்டைப்படை எண்ணிக்கையினரான ஆடவர் கையிற் பொல்லேந்தி வட்டமாக நிற்பர். அண்ணாவியார் பாடலைத் தொடங்க, ஏனையோர் தொடர்ந்து பாடி, அடிபெயர்த்து, இடமும் வலமும் திரும்பி ஒருவர் பொல்லை மற்றவர் பொல்லோடு தட்டுவர். மெதுவாகத் தொடங்கும் ஆட்டம் படிப்படியாக விரைவுபெறும். ஒருவரது கால் பிந்தினால் அடுத்தவரது பொல்லுக்கு இலக்கின்றிப் போகும். எனவே ஆட்டக்காரனின் பிழையை முதலில் அறிபவன் அவனுடைய துணைவனே ஆவான்.

இத்தகைய தாளச் சோதனையை இயந்திரத்திடம் ஒப்படைத்த ஆடலொன்றும் உண்டு. 1998ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமாகிய கொனாமி 'டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன்' என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. ஆடுவோரின் காலடியில் முன், பின், இடம், வலம் என நான்கு அம்புக்குறிகள் இருக்கும். எதிரேயுள்ள திரையில் இசைக்கேற்ப அம்புகள் மேலெழுந்து வரும். அவை உச்சிக் குறியைச் சேரும் கணத்தில் உரிய கட்டத்தை மிதித்தல் வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி குறையும். இருவர் அருகருகே நின்று போட்டியிடவும் இயலும். 2006இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலம் இதனை அரசாங்கப் பாடசாலைகளின் உடற்கல்வியில் இடம்பெறச் செய்யும் திட்டத்தை அறிவித்தது.

இவ்விரண்டனுள் எது உயர்ந்தது என வினவுதல் பயனற்றது. இயந்திரம் தனி ஒருவனின் காலை அளக்கிறது. பொல்லடியோ பலரை ஒரே தாளத்திற் பிணைக்கிறது. ஆயினும் இயந்திரத்திடம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுளது. அதிலுள்ள ஒவ்வொரு பாடலுக்கும் உரிய அடிகள், எக்கணத்தில் எத்திசை என்பது வரை பதிவு செய்யப்பட்டுள்ளன. ஆதலின் தோக்கியோவில் ஆடிய அதே ஆட்டத்தைத் தொலைதேசத்துச் சிறுவனும் ஆடலாம். பொல்லடியின் அடிகளோ அண்ணாவியாரின் நினைவையும் மாணவனின் கண்ணையுமே பெரிதும் நம்பியுள்ளன.

நினைவு எளிதில் அழியக்கூடியது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. மாண்ட முதியோரோடு அவர்கள் அறிந்த பாட்டும் கதையும் தொழில்நுட்பமும் மறைந்தன. பேரலை வராவிடினும் முதுமை வந்தே தீரும்.

ஆகவே, வாழும் அண்ணாவிமாரின் அடிகளையும் பாடல்களையும் ஒலியாகவும் படமாகவும் எழுத்தாகவும் பதிவு செய்தல் இத்தலைமுறையின் கடமையாகும். பதிவு மட்டும் போதாது. பாடசாலை முற்றங்களில் இளைஞர் பொல்லேந்தி நிற்றலும் வேண்டும். அடியைப் பதிவு காக்கும். ஆட்டத்தை ஆடுவோரே காப்பர்.