தூக்குநூலும் முதுகுத்தண்டும்: மாமல்லைச் சிற்பங்களில் உடல் நிற்கும் விதம்

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில், கைகளைத் தலைக்குமேல் தூக்கி ஒற்றைக்காலில் நிற்கிறார் தவசி. கீழே ஒரு பூனையும் பின்னங்கால்களில் எழுந்து அவரைப் போலவே நிற்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்காதவர் குறைவு. சிரிப்புக்குக் காரணம் அதன் இடுப்பு என்பேன்.

மனிதனுக்கும் பூனைக்கும் கழுத்து முள்ளெலும்புகள் ஏழுதான். மார்பில் நமக்கு 12, அதற்கு 13. இடுப்பில் நமக்கு 5, அதற்கு 7. எண்ணிக்கையைவிட வளைவே முக்கியம். நம் இடுப்புத் தண்டு முன்னோக்கி வளைந்தது. பிறந்த குழந்தைக்கு அந்த வளைவு இருப்பதில்லை. எழுந்து நடக்கத் தொடங்கும்போதுதான் அது உருப்பெறுகிறது. மேலுடம்பின் பாரத்தைப் பாதங்களுக்கு நேர்மேலே கொண்டுவந்து நிறுத்துவது அதுவே. பூனையின் முதுகோ இரு முனையிலும் கால்கள் தாங்கும் பாலம்.

தவசியின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். வயிறு ஒட்டிக் கிடக்கிறது. எலும்பை இப்படிப் பார்த்த சிற்பி முதுகெலும்பை மட்டும் காட்டவில்லை. காட்டவும் முடியாது: புடைப்புச் சிற்பத்தில் முதுகு பாறைக்குள் போய்விடுகிறது. தண்டின் போக்கை முன்பக்கத்திலிருந்துதான் ஊகிக்க வேண்டும்.

அதற்குச் சிற்ப மரபிலேயே ஓர் அளவுகோல் உண்டு. உச்சியிலிருந்து விடும் தூக்குநூல் கொப்பூழைத் தொட்டுக் குதிகால்களுக்கு நடுவே விழுந்தால் அது சமபங்கம். ஒரு காலில் பாரம் ஏறினால் மறுபக்க இடுப்பு தாழும். அதை ஈடுகட்டத் தண்டு வளையும், தோள் எதிர்ப்பக்கம் சாயும். சிற்பிகள் திரிபங்கம் என்பதும் மருத்துவர் இடுப்பெலும்புச் சாய்வு என்று விளக்குவதும் ஏறக்குறைய ஒன்றே.

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த மண்டகப்பட்டுக் குகைக்கோயிலில் வாயிற்காவலர் கனத்த தடியூன்றி நிற்கின்றனர். உடலின் பாரத்தில் ஒரு பங்கு தடிக்குப் போகிறது. மாமல்லையின் திரௌபதி ரதத்தில் உள்ளே கொற்றவை சமபங்கத்தில் நிமிர்ந்திருக்க, வெளியே காவல் பெண்கள் இடுப்பை ஒசித்து நிற்கிறார்கள். அங்கே பாரத்தை வாங்குவது அவர்கள் தண்டுதான். மகிடாசுரமர்த்தினி குகையில் இந்தத் தண்டின் வளைவு உச்சத்துக்குப் போகிறது: துர்க்கையோடு பொரும் எருமைத்தலை அசுரன் தடியை இரு கையாலும் பிடித்தபடி பின்வாங்கிச் சாய்கிறான், விழவில்லை. பாரம் தடியிலிருந்து தண்டுக்கு மாறியதை ஒரே நேர்கோட்டு வளர்ச்சி என்று அடித்துச் சொல்லத் தயங்குகிறேன். மாமல்லைப் பணிகள் அனைத்தும் பிற்காலப் பல்லவன் இராசசிம்மனுடையவை என்று தொல்லியலாளர் இரா. நாகசாமி வாதிட்டார், பலர் அவனுக்கு முந்திய மாமல்லன் நரசிம்மவர்மனுக்கும் பங்கு தருகின்றனர். மண்டகப்பட்டு முந்தியது என்பதில் வழக்கில்லை.

அதே குகையின் எதிர்ச்சுவரில் திருமால் அரவணையில் கழி போல நீண்டு படுத்திருக்கிறார். போருக்கு எதிரே உறக்கம். வளைந்த தண்டுக்கு எதிரே பாரம் இறக்கிவைத்த தண்டு. 1960களில் சுவீடன் மருத்துவர் அல்ஃப் நாகெம்சன், உயிருள்ளவர்களின் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். படுத்திருக்கையில் அது மிகக் குறைவு.

முன்னே குனிந்து உட்கார்ந்திருக்கையில் அந்த அழுத்தம் நிற்கும்போதைவிட அதிகம். மாமல்லையின் ஐந்துரதச் சாலைப் பட்டறைகளில் இன்றும் சிற்பிகள் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பது அந்த நிலையில்தான்.