பார்த்துச் செய்யலாம்... ஆனாலும் ஈஸி இல்லை! சிசிஐஇ லேப் தேர்வு விதி என்ன?

நெட்வொர்க்கிங் துறையின் கடினமான தேர்வுகளில் ஒன்று, சிஸ்கோவின் சிசிஐஇ. 1993-ல் தொடங்கியது. இதன் லேப் தேர்வு 8 மணி நேரம்: டிசைனுக்கு 3, நெட்வொர்க்கை அமைத்து இயக்கிக் காட்ட 5.

எதைப் பார்க்கலாம்?
தேர்வுக் கணினியில் தரப்படும் சிஸ்கோ டாக்குமென்டேஷனை மட்டும். கூகுள், செல்போன், கைக்குறிப்பு எதுவும் கூடாது.

இது நியாயமா?
வேலையிலும் இன்ஜினியர்கள் மேனுவலைப் புரட்டத்தான் செய்வாங்க. எல்லோருக்கும் ஒரே ஆவணம் என்பதால் யாருக்கும் தனிச் சலுகை இல்லை.

சிக்கல் எங்கே?
நேரத்துலதான். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கம் தேடினா நேரம் பத்தாது. மறந்துபோன கமாண்டைச் சரிபார்க்க மட்டுமே அது கைகொடுக்கும். எது எங்கே இருக்குன்னு முன்பே பழகியிருக்கணும்.

எது மோசடி?
கசிந்த கேள்விகளை வாங்கிப் படிப்பது. பிடிபட்டா சான்றிதழே பறிபோகலாம்.