ஆக்குவோர் கருவியும் இயக்குவோர் சூழலும்

படச்சுருள் வழங்கிய காலத்தில் திரைப்படம் ஒன்றை ஆக்குவதற்குப் படப்பிடிப்பு நிலையமும் ஒளிப்பதிவுக் கருவிகளும் வெட்டி ஒட்டும் மேசையும் வேண்டியிருந்தன. அதனை ஊரார்க்குக் காட்டுவதற்கோ ஒரு கொட்டகையும் புரொஜெக்டரும் போதும். கணிப்பொறி மொழிகளுள் ஒன்றாகிய ஜாவாவும் ஏறக்குறைய இவ்வாறே ஆக்குவோரையும் இயக்குவோரையும் பிரித்து வைத்தது. அப்பிரிவு தோன்றிய வரலாற்றை, மாணவ நண்பர்களே, சிறிது காண்போம்.

1991-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் முதலிய பொறியாளர் சிலர், இல்லங்களில் வழங்கும் மின்னணுச் சாதனங்களுக்கு ஏற்ற நிரல்களை ஆராயத் தொடங்கினர். அங்கே ஓர் இடர் எதிர்ப்பட்டது. சாதனத்துக்குச் சாதனம் நுண்செயலி வேறு. ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்கு விளங்காது. ஆகவே ஒரே நிரலைப் பொறிதோறும் தனித்தனியே பெயர்த்தாக வேண்டும். இத்தொல்லையை நீக்க அவர்கள் கருத்தளவில் மட்டும் உள்ள ஒரு பொறியைக் கற்பித்து, எல்லா நிரல்களையும் அதன் மொழியிலேயே பெயர்க்கலாயினர். அம்மொழிக்குப் பைட்கோடு என்று பெயர். (பெயர்க்கப்பட்ட கோப்பின் முதல் நான்கு பைட்டுகளைப் பதினாறடிமான முறையில் எழுதினால் ‘கஃபே பேப்’ என்னும் ஆங்கிலச் சொற்கள் தோன்றும், பொறியாளர்க்கும் விளையாட்டு மனம் உண்டன்றோ!) இக்கருத்து முற்றிலும் புதியதன்று. 1970-களிலேயே பாஸ்கல் மொழியினர் பி-கோடு என்னும் பெயரால் இதனைக் கையாண்டிருந்தனர்.

1995-இல் ஜாவா உலகறிய வெளிப்பட்டது. 1996 சனவரியில் அதன் முதற் கருவித்தொகுதி வெளிவந்தது. ஜே.டி.கே. எனப்படும் இத்தொகுதியில் நிரல்பெயர்ப்பியும் பிழை தேடும் கருவியும் பிறவும் அடங்கும். ஜே.ஆர்.இ. எனப்படும் இயக்கச் சூழலிலோ, பைட்கோட்டைப் படித்து இயக்கும் மெய்நிகர் பொறியும் ஆயத்த நிரல்களின் நூலகமுமே இருக்கும். ஆக்கியதை இயக்கிப் பார்க்கவும் வேண்டுமாதலின், கருவித்தொகுதிக்குள் இயக்கச் சூழலும் அடங்கியிருந்தது. இதனை அறியாது சூழலை மட்டும் நிறுவிவிட்டுப் பெயர்ப்பியைத் தேடி மலைத்த மாணவர் பலர்.

தொலைபேசிக் கம்பி வழியே மெல்ல மெல்லக் கோப்புகள் இறங்கிய அந்நாளில், பயன்படுத்துவோர் தலையில் வேண்டாத சுமையை ஏற்றாத இவ்வேற்பாடு நன்றே எனலாம். ஆயினும் அதில் ஒரு தீங்கும் மறைந்திருந்தது. சூழலை நாளதுவரை புதுப்பித்து வைக்கும் பொறுப்பு, அஃது இன்னதென்றே அறியாத பயனரைச் சார்ந்தது. பழைய சூழல்கள் வீட்டுக் கணிப்பொறிகளில் கிடந்து, கயவர் நுழையும் வாயில்களாயின. 2013 சனவரியில் அமெரிக்க அரசின் கணிப்பொறிப் பாதுகாப்புத் துறையே, இணைய உலாவிகளில் ஜாவாவை நிறுத்தி வைக்குமாறு மக்களுக்கு அறிவுறுத்த நேர்ந்தது.

அதற்கு முன்பே, 2010-இல், சன் நிறுவனம் ஆரக்கிள் நிறுவனத்தின் உடைமையாகியிருந்தது. 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு, இயக்கச் சூழலைச் சிறு சிறு கூறுகளாகப் பகுத்தது. தன் நிரலுக்கு வேண்டிய கூறுகளை மட்டும் தேர்ந்து, நிரலோடு சேர்த்தே அனுப்பும் வசதி ஆக்குவோனுக்குக் கிடைத்தது. புதுப்பிக்கும் பொறுப்பும் அவனையே சேர்ந்தது. என் கருத்தில் அஃது இருக்கவேண்டிய இடமும் அதுவே. 2018-இல் பதினோராம் பதிப்பு வந்தபோது, தனி இயக்கச் சூழலை வெளியிடுவதை ஆரக்கிள் நிறுத்திக்கொண்டது. வேறு வெளியீட்டாளர் சிலர் அதன் பின்னரும் அதனைத் தனியே அளித்து வந்தனர்.