ஜபல் தாரிக்: இரண்டாம் உலகப் போரில் வீழாத கோட்டை

மத்திய தரைக்கடலின் மேற்கு வாயிலில் நிற்கும் ஜிப்ரால்டர் பாறை, தன் பெயரிலேயே இஸ்லாமிய வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. ஹிஜ்ரி 92இல் (கி.பி. 711) தளபதி தாரிக் பின் ஸியாத் இங்கு வந்திறங்கினார். 'ஜபல் தாரிக்', அதாவது தாரிக்கின் மலை, என்பதே ஜிப்ரால்டர் எனத் திரிந்தது. 1160இல் அல்முவஹ்ஹித் கலீஃபா அப்துல் முஃமின் இங்கே நகரமொன்றை எழுப்பினார். 1462இல் காஸ்டீலியரும் 1704இல் ஆங்கிலேய, டச்சுப் படையினரும் இதனைக் கைப்பற்றினர்.

இத்தனை முறை கைமாறிய கோட்டை, இரண்டாம் உலகப் போரில் மட்டும் ஏன் தப்பியது? 1940 செப்டம்பரில் விஷி பிரெஞ்சு விமானங்கள் குண்டு வீசின. இத்தாலிய முக்குளிப்பு வீரர்கள் துறைமுகக் கப்பல்களைத் தாக்கினர். ஆயினும் கோட்டையைப் பிடிக்கும் முயற்சி எதுவும் நடைபெறவில்லை.

பாறையைக் குடைந்த சுரங்கங்களின் வலிமையே காரணம் என்பர் சிலர். ஆனால், இதனை வீழ்த்த முடியும் என்று நம்பியே ஜெர்மானியர் 'ஃபெலிக்ஸ்' திட்டத்தைத் தீட்டினர். அதற்கு ஸ்பெயின் வழிவிட வேண்டியிருந்தது. 1940 அக்டோபர் 23இல் ஹெண்டாயில் ஹிட்லரைச் சந்தித்த பிராங்கோ, ஆயுதமும் உணவும் மட்டுமன்றி, பிரெஞ்சு மொரோக்கோவையும் அல்ஜீரியாவின் ஓரான் பகுதியையும் விலையாகக் கோரினார். அவற்றை அளித்தால் ஆப்பிரிக்காவிலுள்ள பிரெஞ்சுப் படைகள் விஷி அரசைக் கைவிட்டு டி காலின் பக்கம் சாயக்கூடும் என ஹிட்லர் அஞ்சினார். உள்நாட்டுப் போரால் நலிந்திருந்த ஸ்பெயினோ, கோதுமைக்கும் எண்ணெய்க்கும் கடல்வழியையே நம்பியிருந்தது. அவ்வழி பிரிட்டிஷ் கடற்படையின் பிடியில் இருந்தது. டிசம்பர் 7இல் ஜெர்மானிய உளவுத்துறைத் தலைவர் கனாரிஸிடம் பிராங்கோ தம் மறுப்பைத் தெரிவித்தார். அம்மாதமே திட்டம் கிடப்பில் போடப்பட்டது. 1941 ஜூனில் ஹிட்லரின் படைகள் ரஷ்யாவுக்குள் நுழைந்தன.

அந்தத் தயக்கத்தின் விளைவு பின்னர் வெளிப்பட்டது. 1942 நவம்பரில் ஐசனோவர், இதே பாறையின் சுரங்கத்திலிருந்து மொரோக்கோ, அல்ஜீரியா கரைகளில் நேசநாட்டுப் படைகளை இறக்கும் நடவடிக்கையை இயக்கினார்.

ஆக, கோட்டையைக் காத்ததில் கல்லுக்கும் பீரங்கிக்கும் நிகரான பங்கு மஃக்ரிப் நிலத்தைப் பற்றிய பேரத்திற்கும் உண்டு. தாரிக் கடல் கடந்து வந்தது அந்த நிலத்திலிருந்துதான். உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்காக மொரோக்கோ முஸ்லிம்கள் பல்லாயிரவர் போரிட்டிருந்தனர். ஆயினும் அவர்களுடைய தாயகம் யாருக்கு என்று ஹெண்டாயில் பேசப்பட்டபோது, அம்மக்களின் கருத்தைக் கேட்பார் எவருமில்லை. மொரோக்கோ தன் விடுதலையைப் பெற 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜிப்ரால்டரின் போர்க்கால வரலாற்றை எழுதுவோர் இப்பகுதியையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.